சூரியனின் துகள்களைத் தேடிய விக்ரம் சாராபாய் (1919–1971)

மாணவர்களே! விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுக என்று வினாத்தாளில் வந்தால், உங்களில் பலர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, விளக்கொளியில் படித்து, துன்பங்களைத் தாண்டி உயர்ந்தார் என்றே தொடங்குகிறீர்கள். யாரைப் பற்றி எழுதினாலும் இந்தத் தொடக்கம் மாறுவதில்லை. இங்கு நாம் கற்கப்போகும் விக்ரம் சாராபாய்க்கு அது பொருந்தாது. அவர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. நெசவாலை முதலாளியின் மகன். ஆகவே இவரைப் பற்றி எழுதும்போது பழகிய வாக்கியங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் உண்மையில் எதைச் செய்தார் என்று கவனியுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே கூறிவிடுகிறேன். இவரைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரி சரியானதுதான். ஆனால் ரொக்கட்டுகளுக்கு முன்னரே இருபது ஆண்டுகள் அவர் ஒரு பௌதிகவியல் ஆய்வாளராக இருந்தார். விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் துகள்களை எண்ணி, அவற்றின் மீது சூரியன் செலுத்தும் ஆதிக்கத்தை ஆராய்ந்தார். அந்த ஆய்வுதான் அவரைத் தும்பாவின் கடற்கரைக்குக் கொண்டுசென்றது. இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

பிறப்பும் குடும்பமும்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி இந்தியாவின் குஜராத் பகுதியிலுள்ள அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், தாய் சரளாதேவி. இத்தம்பதியரின் எட்டுப் பிள்ளைகளுள் இவரும் ஒருவர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல், வீட்டு வளவிலேயே ஒரு பாடசாலையை அமைத்து, ஆசிரியர்களை வரவழைத்துக் கற்பித்தனர். இரவீந்திரநாத் தாகூர், காந்தியடிகள் போன்றோர் வந்துபோகும் வீடு அது. சிறுவன் விக்ரமுக்கு இயந்திரங்களில் விருப்பம் அதிகம்.

இந்த வீட்டைப் பற்றி மலையகப் பிள்ளைகளாகிய நீங்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. விக்ரமின் அத்தை, அதாவது அம்பாலாலின் சகோதரி, அனசூயா சாராபாய் என்பவர். அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர்கள் 1918இல் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கிச் சொந்தச் சகோதரனுக்கு எதிராகவே நின்றவர் இவர். முதலாளிகள் தரப்பில் அம்பாலால். தொழிலாளர் தரப்பில் அனசூயாவும் காந்தியடிகளும். காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த பின்னரே பிணக்கு இணக்கத்துக்கு வந்தது. 1920இல் அனசூயா நெசவாலைத் தொழிலாளர்களுக்கெனச் சங்கத்தையும் நிறுவினார். சந்தாப் பணம், சங்கம், கூலிப் பேச்சுவார்த்தை என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்த உங்களுக்கு, ஒரே வீட்டில் முதலாளியும் தொழிற்சங்கத் தலைவியும் இருந்தார்கள் என்பது வியப்பாக இருக்கலாம். விக்ரம் பிறந்தது இந்த வேலைநிறுத்தத்துக்கு அடுத்த ஆண்டு.

குஜராத் கல்லூரியில் சில காலம் கற்றபின், 1937இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜோன் கல்லூரியில் சேர்ந்தார். 1940இல் இயற்கை விஞ்ஞானத்தில் பட்டப் பரீட்சையில் சித்தியடைந்தார். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய எண்ணியிருந்தவேளை இரண்டாம் உலக யுத்தம் குறுக்கிட்டது. நாடு திரும்பினார்.

பெங்களூரில் தொடங்கிய எண்ணிக்கை

யுத்தத்தால் தடைப்பட்ட படிப்பு வேறொரு வாசலைத் திறந்தது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் அப்போது சேர். சி. வி. இராமன் பேராசிரியராக இருந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமனைப் பற்றி முன்னரே அறிந்திருப்பீர்கள். அவருடைய மேற்பார்வையில் சாராபாய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். யுத்தம் காரணமாக இங்கிலாந்துக்குத் திரும்பமுடியாமல் போன ஹோமி பாபாவும் அதே நிறுவகத்தில்தான் இருந்தார். பிற்காலத்தில் இந்தியாவின் அணுசக்தித் திட்டத்தையும் விண்வெளித் திட்டத்தையும் தொடங்கிய இருவரும், யுத்தத்தின் காரணமாக ஒரே இடத்தில் ஒரே பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பொருள் அண்டக்கதிர்.

அண்டக்கதிர் என்றால் என்ன? இங்கே சற்று நிதானமாக வாசியுங்கள். விண்வெளியிலிருந்து மிகுந்த வேகத்துடன் பூமியை நோக்கி வரும் ஏற்றமுடைய துகள்களே அண்டக்கதிர்கள் எனப்படும். கதிர் என்று பெயர் இருந்தாலும் அவை ஒளியல்ல. அவற்றுள் பெரும்பாலானவை புரோத்தன்கள். 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஒஸ்திரிய நாட்டவர் பலூனில் ஏறி மேலே செல்லச் செல்லக் கதிர்வீச்சு அதிகரிப்பதை அளந்து, இவை மேலிருந்தே வருகின்றன என்று கண்டார். இத்துகள்கள் வளிமண்டலத்தில் மோதி வேறு துகள்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் சில நிலத்தை வந்தடைகின்றன. இப்போது உங்கள் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். அதனூடாக ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு துகள் என்ற கணக்கில் அவை சென்றுகொண்டேயிருக்கின்றன. கூரை அவற்றைத் தடுப்பதில்லை.

இவற்றை எண்ணுவதற்குக் கைகர் எண்ணி என்ற கருவி உதவுகிறது. வாயு நிரப்பிய ஒரு குழாய் அது. ஏற்றமுடைய துகள் ஒன்று உள்ளே செல்லும்போது மின்துடிப்பு ஒன்று எழும். இத்தகைய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் துடிப்பு எழுந்தால் மட்டும் கணக்கில் எடுத்தால், மேலிருந்து நேராக வந்த துகள்களை மாத்திரம் எண்ணலாம். சாராபாய் செய்தது இதைத்தான். மணிக்கு மணி, நாளுக்கு நாள், மாதக் கணக்கில் எண்ணினார். காலத்துக்கேற்ப அண்டக்கதிர்களின் எண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது என்பது பற்றிய அவரது முதலாவது ஆய்வுக் கட்டுரை 1942இல் வெளிவந்தது.

எண்ணுவது இலகு, எண்ணிக்கை எதைக் கூறுகிறது என்று அறிவதே கடினம். தோட்டத்துக் கொழுந்து மடுவத்தை எண்ணிப்பாருங்கள். ஒரே மலை, ஒரே ஆட்கள். ஆயினும் காலையில் நிறுத்த கொழுந்தின் நிறை ஒன்று, மாலையில் வேறொன்று. மழை பெய்தால் கொழுந்துடன் தண்ணீரும் சேர்ந்து நிறுக்கப்படும் என்று சொல்லி, ஈரத்துக்காகச் சில கிலோக்களைக் கழிக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது சரி என்பதில்தான் தகராறு எழுகிறது. கினிகத்தேனையில் மழையைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை; ஆகவே இந்த உதாரணம் உங்களுக்கு விளங்கும்.

அண்டக்கதிர் எண்ணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. வளிமண்டல அமுக்கம் கூடினால், தலைக்கு மேலுள்ள காற்று அதிகம் என்று பொருள். அப்போது நிலத்தை அடையும் துகள்கள் குறையும். மேலேயுள்ள காற்றின் வெப்பநிலையும் எண்ணிக்கையை மாற்றும். அயன மண்டல நாடுகளில் அமுக்கம் நாளொன்றுக்கு இருமுறை ஒழுங்காக ஏறி இறங்குகின்றது. இவற்றையெல்லாம் சரியாகக் கழித்த பின்னரும் ஒரு சிறு ஏற்ற இறக்கம் மிஞ்சினால், அது வானிலையால் வந்ததல்ல. பூமிக்கு வெளியிலிருந்து வந்தது. மிஞ்சும் அந்த மாற்றம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒன்றுக்கும் குறைவான அளவுக்காகத்தான் சாராபாய் தமது இளமைக் காலத்தைச் செலவிட்டார். பொறுமையற்றவர் செய்யக்கூடிய வேலையன்று.

1945இல் யுத்தம் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார். 1947இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வேட்டின் பொருள், அயன மண்டல அகலக்கோடுகளில் அண்டக்கதிர் பற்றிய ஆய்வு என்பதாகும். இத்தலைப்பை மனதில் இருத்துங்கள். பூமியின் காந்தப்புலம் ஏற்றமுடைய துகள்களை வளைத்துத் திருப்புகிறது. துருவங்களுக்கு அண்மையில் சக்தி குறைந்த துகள்களும் உள்ளே வந்துவிடுகின்றன. மத்திய கோட்டுக்கு அண்மையிலோ, மிகுந்த சக்தியுள்ளவை மட்டுமே காந்தப்புலத்தை ஊடறுத்து வரமுடியும். ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் நின்று எண்ணுபவர், ஐரோப்பாவில் நின்று எண்ணுபவருக்குக் கிடைக்காத ஒரு வடிகட்டியைப் பயன்படுத்துகிறார். விஞ்ஞானம் என்றால் குளிர்நாடுகளில் நடப்பது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், வெப்பநாட்டில் இருப்பதே ஆய்வுக்குரிய காரணமாக முடியும் என்று இந்த இளைஞர் கண்டார்.

இதற்கிடையில் 1942இல் அவர் மிருணாளினி சுவாமிநாதனை மணந்திருந்தார். சென்னையில் வளர்ந்த மிருணாளினி புகழ்பெற்ற நடனக் கலைஞர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்றவர். மிருணாளினியின் சகோதரியே நேதாஜியின் படையில் ஜான்சி ராணி பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கப்டன் இலட்சுமி. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்பிரிவில் சேர்ந்திருந்தனர் என்பதையும், நமது முன்னோரைப் போலவே கடல்கடந்து சென்ற குடும்பங்களின் பெண்கள் அவர்கள் என்பதையும் கருதி இங்கு குறிப்பிடுகிறேன். 1949இல் அகமதாபாத்தில் தர்ப்பணா என்ற கலைக்கூடத்தைக் கணவனும் மனைவியும் தொடங்கினர். இவர்களுக்குக் கார்த்திகேயா, மல்லிகா என இரு பிள்ளைகள்.

சில அறைகளில் ஓர் ஆய்வுகூடம்

இந்தியா சுதந்திரமடைந்து மூன்று மாதங்கள்கூட முடியாத நிலையில், 1947 நவம்பர் 11ஆம் திகதி, அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சி ஆய்வுகூடத்தைச் சாராபாய் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. சொந்தக் கட்டடம் இல்லை; ஒரு கல்லூரியின் சில அறைகளே ஆய்வுகூடம். முதற் பணிப்பாளராகத் தாம் அமரவில்லை. பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்தவரும் வளிமண்டல விஞ்ஞானத்தில் தேர்ந்தவருமான முதியவர் கே. ஆர். இராமநாதனை அழைத்து அப்பதவியில் இருத்தினார். பணம் தேடித் தந்தவர் தாமாக இருந்தும், தம்மைவிட அறிந்தவரைத் தலைமையில் இருத்தியதை நான் அவரது பட்டங்களை விடப் பெரிதாக மதிக்கிறேன். ஆய்வுகூடத்துக்கான புதிய கட்டடத்துக்கு 1952இல் இராமன் அடிக்கல் நாட்டினார். 1954இல் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

அகமதாபாத்துடன் அவர் நிற்கவில்லை. தமிழகத்தின் கொடைக்கானல் மலையிலும், திருவனந்தபுரத்திலும், காஷ்மீரின் குல்மார்க்கிலும் அண்டக்கதிர் நிலையங்கள் அமைந்தன. கடல்மட்டத்தில் ஒன்று, மலையுச்சியில் ஒன்று, தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று ஒரே நேரத்தில் எண்ணினால், எந்த மாற்றம் உள்ளூர் வானிலைக்குரியது, எது சூரியனுக்குரியது என்று பிரித்தறியலாம் அல்லவா?

அவ்வாறு பிரித்தபோது கிடைத்த விடை இதுதான். அண்டக்கதிர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வருவதில்லை. நாளின் குறிப்பிட்ட வேளையில் சற்றுக் கூடுகின்றன. அந்த வேளையும் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அந்த மாற்றம் சூரியனின் செயற்பாடு கூடிக் குறைவதுடன் தொடர்புடையது. சூரியனில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்று கற்றிருப்பீர்கள். புள்ளிகள் பெருகும் காலத்தில் பூமியை அடையும் அண்டக்கதிர்கள் குறைகின்றன. எங்கோ தொலைவிலிருந்து வரும் துகள்களைச் சூரியன் எவ்வாறு தடுக்கிறது? சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள வெளி வெறுமையானதல்ல. சூரியனிலிருந்து புறப்படும் துகள்களும் அவை இழுத்துவரும் காந்தப்புலமும் அங்கே இருக்கின்றன என்பதே காரணம். அண்டக்கதிர்களை எண்ணுவதன் மூலம், போகமுடியாத அந்த வெளியைப் பற்றி அறியலாம் என்பதை முன்னரே கண்டவர்களுள் சாராபாய் ஒருவர்.

இன்று அந்தத் துகள் ஓட்டத்தைச் சூரியக் காற்று என்கிறோம். புரோத்தன்களும் இலத்திரன்களும் செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனிலிருந்து இடைவிடாது வீசுகின்றன. பூமியை அடைய ஏறத்தாழ நான்கு நாட்கள் செல்லும். இதனைக் கணித வழியில் 1958இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கரான யூஜின் பார்க்கர். அவரது கட்டுரையை மதிப்பிட்டவர்கள் ஏற்க மறுத்தனர். ஆய்விதழின் ஆசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தமக்கும் அக்கருத்துப் பிடிக்காவிட்டாலும், கணிதத்தில் பிழை காணமுடியாததால் அதனை வெளியிட்டார். பிடிக்காத கருத்தையும் பிழையில்லாததால் ஏற்றுப் பிரசுரித்த அந்தத் தமிழரைப் பற்றித் தனியே ஒரு பாடம் எழுதலாம். 1962இல் மரினர் 2 என்ற விண்கலம் சூரியக் காற்று உண்மையென்று நேரடியாக அளந்து உறுதிசெய்தது.

அந்த மரினர் 2 தரவுகளை ஆராய்ந்தவர்களுள் சாராபாயின் மாணவர் ஒருவரும் இருந்தார். கர்நாடக மாநிலத்தின் உடுப்பிப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில், எளிய குடும்பத்தில் பிறந்த யு. ஆர். ராவ் அவர். சாராபாயிடம் 1960இல் கலாநிதிப் பட்டத்தை முடித்துவிட்டு அமெரிக்கா சென்று, சூரியக் காற்று இடையறாது வீசுவதையும் அது பூமியின் காந்தப்புலத்தைப் பாதிப்பதையும் ஆராய்ந்தார். நாடு திரும்பிய இவரது தலைமையில்தான் இந்தியாவின் முதலாவது செய்மதியான ஆரியபட்டா உருவாகி 1975இல் ஏவப்பட்டது. நீங்கள் ஏழைக் குடும்பத்தில் பிறந்து என்று தொடங்க விரும்பினால், ராவைப் பற்றி எழுதுங்கள், பொருந்தும்.

தும்பா

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. நிலத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இனி மேலே சென்றே அளக்கலாம் என்ற வழி திறந்தது. ஹோமி பாபாவின் ஆதரவுடன் 1962இல் இந்தியாவில் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது, சாராபாய் தலைவரானார். ரொக்கட் ஏவுவதற்கு இடம் தேடினர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா என்ற மீனவக் கிராமம். ஏன் தும்பா? இது அடிக்கடி தவறாக எழுதப்படும் விடை. ஆளில்லாக் கடற்கரை என்பதற்காக அல்ல. பூமியின் காந்த மத்திய கோடு அதன் அருகே செல்கிறது. அக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், வளிமண்டலத்தில் வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதை ஆராய்வதற்கு அக்கோட்டுக்கு அண்மையில்தான் நிற்கவேண்டும். நமது நாடும் அக்கோட்டுக்கு மிக அண்மையிலேயே உள்ளது என்பதைத் தேசப்படத்தில் பாருங்கள். அயன மண்டல அகலக்கோடு என்று ஆய்வேட்டில் எழுதிய அதே மனிதர், அதே காரணத்துக்காக இப்போது ஒரு கடற்கரையைத் தேடி வந்திருந்தார்.

அங்கே புனித மரிய மதலேனாள் தேவாலயம் இருந்தது. சுற்றிலும் மீனவர் குடிசைகள். ஆயர் பீற்றர் பேர்னாட் பெரேராவைச் சந்தித்துச் சாராபாய் இடத்தைக் கேட்டார். ஆயர் தமது சபை மக்களிடம் எடுத்துரைத்தபின் அவர்கள் இணங்கினர் என்பது வரலாறு. தேவாலயம் அலுவலகமாயிற்று, மாட்டுத் தொழுவம் ஒன்று ஆய்வுகூடமாயிற்று. ரொக்கட்டின் பாகங்கள் சைக்கிளில் கொண்டுசெல்லப்பட்டன. இந்தப் படத்தைப் பலரும் பெருமையாகக் காட்டுவார்கள். நான் வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்வதுண்டு: அந்த மீனவர்கள் கடலருகே தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தைவிட்டு வேறிடம் போனார்கள். நீர்த்தேக்கங்களுக்காகத் தோட்டங்களும் ஊர்களும் மூழ்கியதைக் கேட்டறிந்த நமக்கு, இணங்கினர் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கும் என்று தெரியும்.

1963 நவம்பர் 21ஆம் திகதி மாலை, தும்பாவிலிருந்து முதலாவது ரொக்கட் மேலெழுந்தது. ரொக்கட் அமெரிக்காவுடையது, அது கொண்டுசென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் நாட்டினுடையது. உயரே சென்றதும் சோடியம் ஆவி செம்மஞ்சள் முகிலாக வானில் பரவியது. அது காற்றில் நகர்வதைப் படம்பிடித்து, மேல்வளிமண்டலத்தின் காற்றோட்டத்தைக் கணித்தனர். அன்று அங்கு பணியாற்றிய இளம் பொறியியலாளர்களுள் இராமேஸ்வரத்தைச் சேர்ந்த ஏ. பி. ஜே. அப்துல் கலாமும் ஒருவர். 1967 நவம்பரில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட சிறிய ரோகிணி ரொக்கட் ஏவப்பட்டது. அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீற்றர். உங்கள் அடிமட்டத்தில் 15 சென்ரிமீற்றரின் பாதி. 1968 பெப்ரவரி 2ஆம் திகதி பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்.

சோற்றுக்கே வழியில்லாத நாட்டுக்கு ரொக்கட் எதற்கு என்று அப்போது பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான், நீங்களும் கேட்கலாம். சந்திரனுக்கு ஆள் அனுப்புவதில் வல்லரசுகளுடன் போட்டியிடுவதல்ல தமது நோக்கம் என்று சாராபாய் தெளிவாகக் கூறினார். வானிலையை அறிவதற்கும், தந்திக் கம்பியே போகாத கிராமங்களுக்குத் தொலைக்காட்சி மூலம் கல்வியைக் கொண்டுசெல்வதற்கும் செய்மதிதான் மலிவான வழி என்பது அவரது வாதம். 1969இல் இதற்காக அமெரிக்காவின் நாசா நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டு காலம், ஏறத்தாழ 2400 இந்தியக் கிராமங்கள் நாசாவின் செய்மதி ஒன்றினூடாக விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்த்தன. கொழும்பில் வசித்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர்கள் ஓர் அன்டனாவைப் பொருத்தினர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே 1979இல்தான் என்பதை இதனுடன் சேர்த்து எண்ணிப்பாருங்கள். ஆனால் அந்தக் காட்சிகளைக் காண்பதற்குச் சாராபாய் இருக்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

1966 ஜனவரி 24ஆம் திகதி ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தார். அவர் வகித்த அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர் பதவி சாராபாயிடம் வந்தது. அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது. 1969 ஓகஸ்ட் 15ஆம் திகதி இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது இஸ்ரோ, தோற்றுவிக்கப்பட்டது. இவற்றுடன் அகமதாபாத் ஆய்வுகூடம், 1947இல் அவர் தொடங்கிவைத்த நெசவுத் தொழில் ஆராய்ச்சி நிலையம், 1961இல் உருவாவதற்கு உழைத்த இந்திய முகாமைத்துவ நிறுவகம், குடும்பத்தின் வர்த்தகங்கள் எல்லாமும் இருந்தன. ஒரு மனிதருக்கு இது அதிகம் என்பதே எனது அபிப்பிராயம். இத்தனை பதவிகளின் மத்தியில் அவரது சொந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த நேரம் சுருங்கிவிட்டது. எனினும் அகமதாபாத்துக்கு வரும்போதெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுடன் அமர்ந்து அவர்களது வரைபுகளைப் பார்ப்பதை அவர் கைவிடவில்லை.

1971 டிசம்பர் இறுதியில் தும்பாவில் வேலைகளைப் பார்வையிட்டார். டிசம்பர் 29ஆம் திகதி இரவு, டில்லியிலிருந்து வரவிருந்த அப்துல் கலாமுடன் தொலைபேசியில் பேசி, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தம்மைச் சந்திக்குமாறு கூறினார் என்று கலாம் எழுதியுள்ளார். கலாம் வந்திறங்கியபோது கிடைத்தது மரணச் செய்தி. டிசம்பர் 30ஆம் திகதி அதிகாலை, கோவளத்தில் தங்கியிருந்த அறையில், உறக்கத்திலேயே சாராபாய் காலமாகியிருந்தார். அப்போது அவருக்கு வயது 52. 1972இல் பத்மவிபூஷண் விருது மரணத்தின் பின்னர் வழங்கப்பட்டது.

அவரது பெயரைத் தும்பாவிலுள்ள விண்வெளி நிலையம் தாங்கியுள்ளது. சந்திரனிலுள்ள ஒரு பள்ளத்துக்கும் அவரது பெயர் உண்டு. 2019இல் சந்திரயான் 2 கொண்டுசென்ற விக்ரம் என்ற இறங்குகலம் சந்திரனில் மோதிச் சிதைந்தது. 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி அதே பெயர்கொண்ட மற்றொரு கலம் சந்திரனின் தென்துருவப் பகுதிக்கு அண்மையில் பத்திரமாக இறங்கியது. இவை எல்லோரும் எழுதும் செய்திகள், நீங்களும் எழுதுங்கள்.

ஆயினும் அவரது இளமைக்கால ஆராய்ச்சியின் தொடர்ச்சியைக் காட்டவேண்டுமானால் இன்னொரு கலத்தைக் குறிப்பிடவேண்டும். 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆதித்யா எல்1 என்ற விண்கலத்தை இஸ்ரோ ஏவியது. அத்திட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர் தமிழகத்தின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்ற பெண்மணி. 2024 ஜனவரி 6ஆம் திகதி, பூமியிலிருந்து சூரியனின் திசையில் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள இடத்தை அது அடைந்தது. அங்கே பூமியின் காந்தப்புலமும் இல்லை, கழிக்கவேண்டிய வளிமண்டலமும் இல்லை. அக்கலத்தில் உள்ள கருவிகளுள் ஒன்று, சூரியனிலிருந்து வரும் புரோத்தன்களையும் ஹீலியம் கருக்களையும் திசைவாரியாக எண்ணுகிறது. அக்கருவியைச் செய்தது அகமதாபாத்தில் 1947இல் சில அறைகளில் தொடங்கிய அதே பௌதிக ஆராய்ச்சி ஆய்வுகூடம்.